இரண்டாவது கோடு

அந்தத் தெருக்களில் அவளுக்குப் பெயர் அலாரம் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிறது. போக்குவரத்துப் போலீஸ்காரரைத் தவிர அதை யாரும் படித்ததில்லை. காலையில் அவளுடைய பள்ளி வேன் தெருமுனை திரும்பி இரண்டு தடவை ஹார்ன் அடித்தால் போதும், வரிசையாக எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஷூ தேடும் சத்தம் கேட்கும். பல்கூடத் தேய்க்காத அப்பாக்கள் பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவார்கள். வேன் உள்ளே நுழைவதைப் பார்த்துத்தான் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதாகப் பள்ளிக் காவலாளி சொல்வார். அவர் எதையும் கொஞ்சம் ஏற்றிப் பேசுகிற ஆள்தான், ஆனால் இந்த விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

அவள் வேன் ஓட்ட வந்தது முப்பது வயதுக்கு மேல். அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பாட்டில் மூடிகளுக்குத் தரம் பார்க்கும் வேலை. ஒருநாள் கம்பெனியையே மூடிவிட்டார்கள். பழைய வேன் ஒன்றை வாங்கி, கிழிந்த சீட்டுகளுக்குப் புது உறை தைத்துப் போட்டு, தெருவில் இறங்கினாள். பெண் ஓட்டுகிற வண்டியில் பிள்ளையை ஏற்றுவதா என்று நாலு வீட்டில் முகம் சுளித்தார்கள். "ஒரு மாசம் தாங்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று ஒரு அம்மா அவள் காதுபடவே சொன்னாள். அலாரம் அக்காவுக்கு வாய்ச்சண்டை வராது. மழை கொட்டினாலும், பனிமூட்டத்தில் எதிரே வருகிற ஆள் தெரியாவிட்டாலும், சொன்ன நேரத்துக்குச் சொன்ன வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அதுதான் அவள் கொடுத்த பதில். ஒரு வருடத்துக்குள் முகம் சுளித்த வீட்டுப் பிள்ளைகளும் வண்டியில் ஏறிவிட்டார்கள். அன்று முதல் நேரம்தான் அவளுக்கு மானம், மரியாதை எல்லாம்.

அவள் கணவன் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரன். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். "எங்க கல்யாணத்துக்கு இவ எனக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டா. நான்தான் மூச்சு வாங்க ஓடி வந்தேன்" என்று புதிதாக யாரைப் பார்த்தாலும் சொல்லுவான். கேட்டவர்களிடமே மறுபடியும் சொல்லுவான். அவர்களுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. வேனில் ஏறும் பிள்ளைகளை எண்ணுவது, கதவை இழுத்துச் சாத்துவது, "போலாம் ரைட்" என்று குரல் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அதனால் அவளுக்குக் கண்டக்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. தன்னைவிட உயரமான பையன்களைக்கூட "உள்ள நகரு, உள்ள நகரு" என்று அதட்டுவாள்.

கண்டக்டருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. வரிசையில் மூன்றாவது வாசலில் ஏறும் பொடிசு. ஆறு வயது, பார்த்தால் நாலு என்பார்கள். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. படி ஏறினால் மூச்சு வாங்கும், சிரித்தால்கூட வாங்கும். ஆனாலும் அது சிரிப்பதை நிறுத்தியதில்லை. பொடிசின் அம்மா ஒரு பார்சல் கிடங்கில் பெட்டி ஒட்டுகிறவள், வீட்டில் வேறு துணை கிடையாது. முதல் நாள் குழந்தையை ஏற்றிவிட வந்தபோது அவள் வண்டிப் படியை விட்டு நகராமல் நின்றதைப் பார்த்து அலாரம் அக்கா, தனக்கு நேர் பின்னால் உள்ள சீட்டில் பொடிசை உட்கார வைத்தாள். பக்கத்தில் தன் மகளை வைத்தாள். "பெல்ட் போட்டுவிடணும். பையை நீ தூக்கணும். உதடு நீலமாச்சுன்னா உடனே எங்கிட்ட சொல்லணும். நான் ரோட்டைப் பாக்கணும், பொடிசை நீ பாக்கணும்" என்று மகளிடம் சொன்னாள். கண்டக்டர் அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. இருவரும் ஒரே சீட்டில் இடுக்கிக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் ஏதோ காதோடு காது பேசிக்கொண்டே இருப்பார்கள்.

பொடிசுக்கு ஆபரேஷன் தேதி கிடைக்கவே பாடாய்ப் பட்டிருந்தது. காத்திருப்போர் வரிசையில் பெயர் வந்து, ஒருவழியாக அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை சளிகூடப் பிடிக்கக் கூடாது, கடைசி ஒரு வாரம் வெளியே எங்கும் அனுப்பக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும்தான் பொடிசின் அம்மாவுக்கு விடுமுறை கிடைத்திருந்தது. அது தொடங்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அந்த இரண்டு நாளில் முதல் நாள்தான் எல்லாம் நடந்தது.

கொரோனாவின் முதல் பயம் அடங்கி, முகக்கவசம் மூக்கிலிருந்து மோவாய்க்கு இறங்கிவிட்ட காலம் அது. முந்தின நாள் கண்டக்டரின் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தொற்று என்று தெரிந்ததும், வகுப்பில் எல்லோர் பையிலும் ஆளுக்கொரு டெஸ்ட் கிட் வைத்து அனுப்பியிருந்தார்கள். காலையில் வீட்டிலேயே பார்த்துவிட்டு அனுப்பவும் என்று சொல்லியிருந்தார்கள். "தொண்டை கரகரன்னு இருக்கும்மா" என்றாள் மகள், எழுந்ததும். வெளியே மழை. மழை நாளில் ரோடு நெரியும், பத்து நிமிடம் முன்னாலேயே கிளம்ப வேண்டும். அலாரம் அக்கா மகளின் மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றி, குப்பியில் முக்கி, வெள்ளைப் பட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று கிட்டோடு வந்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவள் படிக்கத்தான் செய்தாள்.

தலை பின்னிவிட்டாள். டப்பாவில் ரொட்டியும் முட்டையும் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், ஐந்து நிமிடம் ஆகியிருந்தது, ஒருவேளை ஆறு. ஃப்ரிட்ஜ் மேலிருந்ததை எட்டிப் பார்த்தாள். ஒரு கோடுதான் இருந்தது. அவளுக்கு அப்பாடா என்று இருந்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு, ஒரு கோடுதான். அதத் தூக்கிப் போட்டுட்டு, கையக் கழுவிட்டு வா. நான் வண்டிய எடுக்கறேன்."

கீழே போய் வண்டியைக் கிளப்பினாள். மகள் வரவில்லை. ஹார்ன் அடித்தாள். ஊரையே எழுப்புகிற அந்த இரண்டு ஹார்ன், தன் பிள்ளைக்கும் அதேதான். மகள் மழையில் நனைந்தபடி ஓடிவந்து ஓட்டுநர் ஜன்னல் பக்கம் நின்றாள்.

"அம்மா…"

"லேட் ஆயிடுச்சு, ஏறு ஏறு."

மகள் ஏறினாள். ஏறினவள் தன் இடத்தில் உட்காராமல் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். அம்மா கண்ணாடியில் பார்த்தாள். "அங்க என்னடி பண்ற? பொடிசுக்கு யாரு பெல்ட் போடறது? ஒழுங்கா உன் இடத்துக்கு வா." மகள் எழுந்து முன்னால் வந்தாள். வரிசையாக எல்லா வாசலிலும் வண்டி நின்றது, எங்கும் அரை நிமிடம்கூடப் பிசகவில்லை. மழை என்பதால் ஜன்னல்கள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. பொடிசு அன்றைக்கு ஏகப்பட்ட கதை வைத்திருந்தது. கண்டக்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு "உம்", "உம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். தொண்டை வலி போலிருக்கிறது என்று அலாரம் அக்கா நினைத்தாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, தரையைக் கூட்டி, குப்பைக்கூடையைப் பெரிய பைக்குள் கவிழ்த்தாள். வெங்காயத் தோல், முட்டை ஓடு, அதன் மேல் அந்த வெள்ளைப் பட்டை மல்லாக்க விழுந்தது. அதில் இரண்டு கோடுகள் இருந்தன.

தாளைத் தேடி எடுத்தாள். நேரம் கடந்து தெரிகிற கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். காலையில் அதே தாளில் இருந்த இன்னொரு வரியை மதிக்காதவள், இப்போது இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். மனுஷ புத்தி அப்படித்தான் இருக்கிறது. இது சும்மா வந்த கோடு, ஈரத்தில் வந்த கோடு, ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பள்ளியிலிருந்து. மகளுக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போகவும்.

வீட்டுக்கு வந்து, வழியில் மருந்துக்கடையில் வாங்கிய வேறொரு கிட்டில் பார்த்தபோது குப்பியை மூடி வைப்பதற்குள் இரண்டாவது கோடு பளிச்சென்று வந்து நின்றது. இந்தத் தடவை சந்தேகப்பட ஒன்றுமில்லை. மகளைப் படுக்கையறையில் படுக்க வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தினாள். கணவனுக்குப் போன் செய்தாள். கேன்டீனில் அவனை அப்படியே அடுப்பிலிருந்து கிளப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாலை சவாரியை இன்னொரு வேன்காரரான தாடிக்காரர் ஒத்துக்கொண்டார். வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் அவள்தான் சொல்லியாக வேண்டும்.

"முதல்ல யாருக்குச் சொல்லப் போற?" என்றான் கணவன். கூடத்தில் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலுமாக இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பொடிசு அம்மாவுக்கு."

"சொல்லு. சொல்லத்தான் வேணும். ஆனா…" அவன் குரலைத் தாழ்த்தினான். "காலைல பாத்த கதையெல்லாம் எதுக்கு? புள்ளைக்கு ஸ்கூல்ல காய்ச்சல் வந்துச்சு, பாத்தோம், பாசிட்டிவ். அவ்வளவுதானே? அது பொய்யும் இல்ல. கேட்டா சொல்லு, கேக்காதத ஏன் இழுத்து விட்டுக்கற?"

"அவ கேக்க மாட்டா. என்னை நம்பறா."

"அதத்தான் நானும் சொல்றேன். அந்த நம்பிக்கைய நீயே கெடுத்துக்காத. நாளைக்கு ஒருத்தரும் புள்ளைய ஏத்த மாட்டாங்க, பாத்துக்க."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் கெட்டவனும் இல்லை. பெண்டாட்டியின் பேர் கெடக் கூடாது என்று நினைக்கிறவன். அலாரம் அக்கா போனைக் கையில் எடுத்தாள். காய்ச்சலில் பிள்ளை முனகும் சத்தம் கதவு வழியாகக் கேட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது. தன் பிள்ளைக்காக மட்டும் வந்த பயமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

பொடிசின் அம்மா எடுத்ததும், "என்னக்கா, இந்த நேரத்துல?" என்றாள். பின்னால் டேப் கிழிக்கும் சத்தமும் வண்டிகள் உருளும் சத்தமும் கேட்டன.

"எம் பொண்ணுக்குக் கொரோனாம்மா. இப்பத்தான் உறுதியாச்சு. பொடிசை உடனே கூட்டிட்டு வந்துடு, ஆஸ்பத்திரில சொல்லிடு." நிறுத்தினாள். மீதியையும் சொல்ல வேண்டும். "இன்னொண்ணும் கேளு. காலைல கிளம்பறதுக்கு முன்னாடியே டெஸ்ட் எடுத்தேன். முழு நேரமும் பொறுத்துப் பாக்கல. ஒரு கோடுதான் இருந்துச்சுன்னு கிளம்பிட்டேன். இருந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிட்டுப் போனேன்."

டேப் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏங்க்கா பொறுக்கல?"

"லேட் ஆயிடும்னு."

"ஜன்னல் தொறந்திருந்துச்சா?"

"இல்லம்மா. மழைன்னு மூடியிருந்துச்சு."

போன் வைக்கப்பட்டது. திட்டியிருந்தால் தேவலை என்று அலாரம் அக்கா நினைத்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டால் நெஞ்சில் கொஞ்சமாவது பாரம் இறங்கும். அந்தப் புண்ணியவதி அதற்குக்கூட வழி விடவில்லை.

மற்ற வீடுகளுக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஒருவர் கத்தினார். ஒருவர், "பரவால்லங்க, எங்க வீட்டுலயும் மூணு பேருக்கு வந்து போயிடுச்சு" என்று ஏதோ உறவினர் வந்து போன மாதிரி பேசினார். அன்று "ஒரு மாசம் தாங்கட்டும்" என்று சொன்ன அம்மா, வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வைத்தாள். கணவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து போய் சூப் வைத்தான்.

வீட்டை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது என்று ஆயிற்று. துவைத்துக் காயப்போட்ட துணிகளுக்குக் கீழே குனிந்து நடந்தபடி மூன்று பேரும் அந்த இரண்டு அறைக்குள் நாளைக் கழித்தார்கள். கணவனுக்கு நூறு பேருக்குக் குறைந்து சமைக்கத் தெரியாது. அவன் வைத்த சூப் எல்லாப் பாத்திரங்களிலும் நிரம்பி, குளிக்கிற வாளியை எடுக்கட்டுமா என்று கேட்கிற நிலைமைக்கு வந்தது. நடுவில் அவனுக்கும் தொற்றிக்கொண்டது. காய்ச்சல் பெரிதாக இல்லை, மூக்கும் நாக்கும் மட்டும் செத்துப்போயின. அதிலிருந்து உப்பு அவன் கைக்கு அடங்கவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்பான். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பாள். அவளுக்கு மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் ஒரே கோடுதான். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, அநியாயமாக இருந்தது.

காலையில் ஹார்ன் அடிக்கிற நேரம் வந்தால் உடம்பு தானாக விழித்துக்கொண்டது. ஜன்னலில் நின்று பார்ப்பாள். தாடிக்காரரின் வண்டி ஆடி அசைந்து, இன்றைக்கு ஒரு நேரம், நாளைக்கு ஒரு நேரம் என்று வரும். பிள்ளைகள் வாசலில் நின்று நின்று கால் மாற்றிக்கொள்வார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இதை அவள் கணவனிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவன் கல்யாணக் கதையை எடுத்திருப்பான்.

மகளின் காய்ச்சல் சீக்கிரமே இறங்கிவிட்டது. ஆனால் பிள்ளை தேறவில்லை. கதவைத் திறந்து சாப்பாட்டை வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நகர்த்திவிடுவாள். டிவி வேண்டாம், படம் வரைகிற நோட்டு வேண்டாம். ஒரே ஒரு கேள்வி மட்டும் தினமும் கேட்பாள்.

"பொடிசுக்கு வந்துடுச்சாம்மா?"

"தெரியல கண்ணு. அவங்கம்மா போன் எடுக்கல."

அது உண்மைதான். அலாரம் அக்கா காலையும் மாலையும் போட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓயும். பிறகு ஒரு மாலையில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. 'பாப்பாவுக்கும் பாசிட்டிவ். மூச்சு சரியில்ல. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம்.' அதை அவள் நின்றபடி படித்தாள், பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் வந்து போனை வாங்கிப் படித்தான். அவளைத் தொடக் கூடாது என்பது அவனுக்கு மறந்துபோய்விட்டது. தோளில் கையை வைத்தான், உடனே எடுத்துக்கொண்டான்.

"அதுக்கு ஒண்ணும் ஆகாது. டாக்டருங்க இருக்காங்க" என்றான்.

"ஆச்சுன்னா?"

அவன் போனைத் தரையில், அவளுக்கு எட்டுகிற இடத்தில் வைத்தான்.

அந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவள் ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூடப் போக முடியாது. ஓடி ஓடி எல்லா வாசலுக்கும் நேரத்துக்குப் போய் நின்றவளுக்கு, போக வேண்டிய ஒரே வாசல் அடைத்துக் கிடந்தது. கும்பிடுகிற வழக்கம் அவ்வளவாக இல்லாதவள், பாத்திரம் தேய்க்கும்போதும் துணி அலசும்போதும் யாரிடம் என்று தெரியாமல் வேண்டிக்கொண்டே இருந்தாள். மகளிடம் மறைக்கவில்லை. பொடிசு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள். மகள் "சரிம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடைசியில் பொடிசின் அம்மாவே போன் செய்தாள். குரல் வற்றிப்போயிருந்தது. "ஆக்சிஜன் எடுத்துட்டாங்கக்கா. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம்."

"ஆபரேஷன்?" என்று மட்டும் கேட்டாள்.

"தள்ளிப்போயிடுச்சு. நுரையீரல் தேறணுமாம். மறுபடியும் வரிசைல போட்டிருக்காங்க." "உம்மேல எனக்குக் கோவம் இருக்குக்கா. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ உடனே சொன்னதாலதான் அன்னிக்கே ஆஸ்பத்திரில சொல்லி வச்சேன், மூச்சு வாங்கினதும் கூட்டிட்டு ஓடினேன். அதையும் சொல்லணும்ல."

"சொல்லாட்டியும் பரவால்லம்மா."

"பாப்பா கண்ண முழிச்சதும் கண்டக்டர் எங்கன்னுதான் கேட்டா" என்றுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அலாரம் அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, படுக்கையறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். மகள் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கண்ணு, பொடிசு நல்லாயிட்டா! நாளைக்கு வீட்டுக்கு வந்துடுவா. உன்னைத்தான் தேடினாளாம்."

பிள்ளை துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தாள். பிள்ளை அவளைப் பார்த்தாள், உதடு கோணியது, பிறகு வயிற்றிலிருந்து ஒரு அழுகை வந்தது. இத்தனை நாள் காய்ச்சலில்கூட அப்படி அழுததில்லை. அம்மா ஓடிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்து அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தொடலாமா கூடாதா என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை.

"ஏன் கண்ணு? அதான் நல்லாயிட்டாளே. உன்மேல தப்பு இல்ல. அம்மாதான் சரியா பாக்கல. கோடு அப்புறமா வந்துச்சு, அம்மா அவசரப்பட்டுட்டேன்."

"அப்புறமா வரலம்மா."

"என்ன?"

"நான் தூக்கிப் போடறப்பவே இருந்துச்சு." விக்கி விக்கிச் சொன்னாள். "லேசா. நான் பாத்தேன். உங்கிட்ட சொல்லத்தான் ஓடி வந்தேன். நீ ஹார்ன் அடிச்சுட்ட. லேட் ஆயிடுச்சுன்னு சொன்ன."

மகள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அதான் பின்னாடி போய் உக்காந்தேன். பொடிசு பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு. நீ கூப்பிட்ட."

கதவுக்கு வெளியே கணவனின் குரல் கேட்டது. "என்னாச்சு? ஏன் அழுவறா?"

"ஒண்ணுமில்லங்க," என்றாள் அவள். "பொடிசு நல்லாயிட்டான்னு சந்தோஷத்துல அழுவறா."

"நல்லாயிட்டாளா!" அவன் கை தட்டும் சத்தம் கேட்டது, அடுத்தாற்போல் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. இன்னொரு அண்டா சூப் தயாராகப் போகிறது.

ஒரு வார்த்தையை மறைத்தால் போதும் என்று கணவன் சொன்னபோது மறைக்காதவள் அவள். இதை மட்டும் அவனிடமும் சொல்லவில்லை, பொடிசின் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் இது அம்மாவின் தப்பாகவே இருக்கட்டும். அவள் கணக்கிலும் அப்படித்தான் இருந்தது, முன்னைவிடப் பெரிதாக. ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சரி எது என்று தெரிந்திருந்தது. வாயால் சொல்ல முடியாதபோது இடம் மாறி உட்கார்ந்துகூடப் பார்த்திருக்கிறது. சொல்வதற்கு ஒரு நிமிடம், கேட்பதற்கு ஒரு காது, அந்த இரண்டைத்தான் தாய் கொடுக்கவில்லை. அவள் மகளின் வியர்த்த நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, வெட்கத்தில் தலை தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ பொடிசு அம்மாகிட்ட சொல்லிடுவியா?" என்றாள் மகள்.

"மாட்டேன். பாக்க வேண்டியது என் வேலை. உன்னைக் கூப்பிட்டு முன்னாடி உக்கார வச்சதும் நான்தான். நீ எல்லாம் சரியாத்தான் செஞ்ச."

"சொல்லலையே."

"சொல்ல விடல நான்." "இனிமே எதாவது சொல்லணும்னா, நான் ஹார்ன் அடிச்சாலும் சரி, வண்டி ஓடிட்டே இருந்தாலும் சரி, நிறுத்திச் சொல்லணும். தெரிஞ்சுதா?"

"லேட் ஆனா?"

"ஆகட்டும்."

"நீ கோவப்படுவியே."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஒரு பொய் கதவுக்கு வெளியே போயாயிற்று, இன்னொன்றைப் பிள்ளையிடம் சொல்ல மனம் வரவில்லை.

"கோவப்படுவேன்தான்," என்றாள் அலாரம் அக்கா. "இருந்தாலும் சொல்லு."

மகள் தலையை ஆட்டினாள். அவள் இன்னும் நம்பவில்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்தது.